மூணுகுடை நின்ற இடம்

அகழியை மறுபடி தூர்வாருகிறார்கள். நேற்றுக் காலை கோட்டை மதிலோரம் நடந்துபோகையில் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. அழுகிய நண்டு, ஊறிய சுண்ணாம்பு, நாள்பட்ட உப்புத்தண்ணீர், எல்லாவற்றுக்கும் அடியில் துருப்பிடித்த இரும்பு. கால் நின்றுவிட்டது. பின்னால் மீன்கூடையோடு வந்தவள் என் முதுகில் இடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, நடுவழில நட்டுவச்ச மாரி நிக்கிறே? வூட்ல தேடப் போறாங்க, போ."

போனேன். வீட்டில் தேட யாரும் இல்லை. நாற்றம் மட்டும் கூடவே வந்து சோற்றில் உட்கார்ந்தது, பாயில் படுத்தது. இன்று காலை காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கை எழுதும்போது கால் எங்கேயாவது போய்க்கொண்டிருக்கும். இன்று கால் போகிற இடம் தெரிந்த இடம்தான்.

இருபது வருஷத்துக்கு முன்னால் இதே சேற்றைத் தலையில் சுமந்தேன். அந்த மாசி மாதம் முகத்துவாரம் மண்ணடித்து மூடிக்கொண்டது. கடலுக்குப் போக வழியில்லை. ஏரி சுருங்கிச் சுருங்கிக் கணுக்காலுக்கு வந்தது. ஒல்லாந்தரின் கோட்டையிலிருந்து ஆள் கேட்டு வந்தார்கள். சேற்றில் நிற்கத் தெரிந்தவன் ஏரிக்காரன். முழங்காலை மடக்கி, குதிகாலை முதலில் தூக்கி, ஒரு கால் இன்னொரு காலை நம்பாமல் நடக்க வேண்டும். வயல்காரர்கள் வந்து இடுப்புவரை புதைந்து கத்தியதைப் பார்த்த பிறகு எங்களைத்தான் கூப்பிட்டார்கள். அண்ணன் வந்தான், நான் வந்தேன், எங்கள் மாமன் வந்தார். மாமன் என்றால் அம்மாவின் தம்பி. அவர் மகளைத்தான் அண்ணன் கட்டியிருந்தான். ஆக மாமனுக்கு நாங்கள் இரண்டு பேருமே "மருமவனே"தான். கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவோம். "வேல செய்யறவனக் கூப்ட்டேன்" என்பார்.

வெட்டிய சேற்றைக் கோட்டைக்கு வெளியே, கடலைப் பார்த்திருந்த தோட்டத்தில் கொட்டச் சொன்னார்கள். கொட்டக் கொட்ட மேடு எழுந்தது. காய்ந்து வெடித்து, மறுபடி கொட்டிக் காய்ந்து, பாதிப் பனை உயரம் வந்தது. அந்த மேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது, அன்றிருந்த துரையைத் தவிர. அவர் வீட்டில் நீலக் கோடு போட்ட சீனத் தட்டு ஒன்று இருந்தது. தட்டில் ஒரு குன்று, குன்றின்மேல் ஒரு மண்டபம், மண்டபத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார். துரைக்கு அதுபோல உட்கார வேண்டும். கீழ்க்கடலுக்கு அப்பால் ஒல்லாந்தரின் பெரிய பட்டணமான பத்தாவியாவிலிருந்து சீன ஆசாரி ஒருவரைக் கப்பலில் வரவழைத்தார்.

நான் சேற்றிலிருந்து கரையேறியது அப்போதுதான். கப்பலில் கூலியாகப் பத்தாவியா போய் இரண்டு வருஷம் கிடந்து வந்தவன் நான். மலாய் பேசுவேன். துறையில் எல்லாருக்கும் தெரிந்த பறங்கிப் பேச்சும் பேசுவேன். ஆசாரி சொல்வதை ஆட்களுக்குச் சொல்ல ஒரு நாக்கு வேண்டியிருந்தது. அந்த நாக்கானேன். காலைக் கழுவிக்கொண்டு, சுத்தமான வேட்டி கட்டிக்கொண்டு, மேட்டின்மேல் நின்று கீழே பார்த்தேன். அண்ணன் தலைக்கூடையோடு நிமிர்ந்து பார்த்து, "தொர வந்துட்டார்டா, வழி வுடுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

ஆசாரி நாற்பது வயதுக்காரர். கட்டைவிரல் நகம் ஒன்று இல்லை. வந்த முதல் நாள் மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து முகர்ந்தார்.

"இது அகழி மண்ணா?"

ஆமாம் என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். மேட்டின்மேலேயே உட்கார்ந்து, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"எங்கள் தலைநகரத்திலும் இதே வேலைதான் செய்தார்கள்" என்றார்.

அன்றிலிருந்து ஆனி முடியும்வரை, மரத்தை இழைத்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குன்றைச் சொன்னார். அவர் சொன்ன வரிசை இப்போது நினைவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பதை எழுதுகிறேன்.

அரண்மனையைச் சுற்றி அகழி வெட்டினார்கள். வெட்டிய மண்ணை அரண்மனையின் வடக்கு வாசலுக்கு நேர் பின்னால் குவித்தார்கள். வாடைக்காற்றை மறிக்க ஒரு குன்று. அதற்கு முன் ஆண்ட வம்சத்தின் மாளிகை அந்த இடத்தில்தான் இருந்ததாம். அவர்களுடைய அதிர்ஷ்டம் திரும்ப எழுந்து வராதபடி மண்ணைப் போட்டு அமுக்கினார்கள் என்றும் சொல்வார்களாம். ஜனங்கள் அதைக் கரிக்குன்று என்றார்கள். முற்றுகை வந்தால் எரிக்க அடியில் நிலக்கரி புதைத்திருக்கிறது என்று பேச்சு. யாரும் தோண்டிப் பார்த்ததில்லை. குன்றைச் சுற்றி மதில், மதிலுக்குள் தோட்டம். பழமரங்கள், மான்கள், கொக்குகள். வருஷத்தின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் அரசர் குன்றேறுவார். குன்றுக்குப் பின்னால் செத்துப்போன அரசர்களின் படங்களை வைத்துக் கும்பிட ஒரு மண்டபம். வெளி ஆள் ஒருவரும் உள்ளே போக முடியாது. கொக்குகூட அரசருடைய கொக்கு.

அந்தக் குன்றைக் குவித்த வம்சத்தின் கடைசி அரசர், கலகக்காரர்கள் நகரத்துக்குள் நுழைந்த காலையில், கிழக்கு அடிவாரத்தில் இருந்த ஒரு மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டார். கூட ஒரே ஒரு ஊழியன். அடுத்து வந்தவர்கள் அந்த மரத்தைக் குற்றவாளி என்று சொல்லி இரும்புச் சங்கிலியால் கட்டிவைத்தார்கள்.

"மரத்தையா?" என்று கேட்டேன்.

"மரத்தைத்தான். யாரையாவது கட்ட வேண்டுமே."

அதற்கெல்லாம் நூறு வருஷம் கழித்து இன்னொரு பேரரசர், குன்றின் ஐந்து முகடுகளிலும் ஐந்து மண்டபங்கள் எழுப்பினார். தெற்குக் கடற்கரையிலிருந்து ஆசாரியின் தகப்பனாரை அந்த வேலைக்குக் கூட்டிப்போனார்கள். தகப்பனாரோடு போன இவர், அங்கே மரத்துண்டுகளை இறுக்குகிற மரமுளை செதுக்கிக் கொடுத்தார். நடுமுகட்டில் இருப்பது பெரியது. சதுரம். வெளியே ஒரு வரிசைத் தூண், உள்ளே ஒரு வரிசை. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கூரை. மேல்கூரை நாலு பக்கமும் சரிந்து ஒரே கூர்முனையில் கூடும். மஞ்சள் ஓடு, ஓரத்தில் பச்சை. அதற்கு இரண்டு பக்கமும் எட்டு மூலையுள்ள மண்டபங்கள், இரண்டு கூரை, பச்சை ஓடு. கடைசி இரண்டும் வட்டம், நீல ஓடு. ஒவ்வொன்றிலும் ஒரு வெண்கலப் புத்தர். கூரையின் பாரம் தூணுக்கு இறங்குகிற இடத்தில் மரத்துண்டுகள் மேல் மரத்துண்டுகள், இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல. ஆசாரி தன் கைகளைக் கோத்துக் காட்டினார், நகமில்லாத விரல் மேலே நின்றது. எங்கேயும் ஒரு ஆணி கிடையாது என்றார்.

இதை நான் தமிழில் சொன்னதும் மாமன் கீழேயிருந்து, "நம்ம படகுல மட்டும் ஆணி கீதா? கயித்தால தச்சிதான் கடலுக்கே போறோம். இதப் பெர்சா சொல்ல வந்துட்டான்" என்றார். அதை மலாயில் சொன்னேன். ஆசாரி அன்று மாலையே மாமனோடு போய் எங்கள் படகைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே கயிறு ஓடிய தையலைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் படித்தார்.

இன்னொன்றும் சொன்னார். அதுதான் முக்கியம், அப்போது தெரியவில்லை. தெற்கு வாசல், அடுத்தடுத்த வாசல்கள், சிம்மாசன மண்டபங்கள், வடக்கு வாசல், குன்றின் நடு மண்டபம், அதற்கப்பால் முரசுக் கோபுரம். எல்லாம் ஒரே நேர்கோட்டில். குன்றின்மேல் நின்று தெற்கே பார்த்தால் அந்தக் கோடு நகரத்தின் நடுவே நூல் பிடித்ததுபோல ஓடும். மயிரிழை பிசகாது.

அண்ணன் அப்போது கூடையை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எந்தப் படகுக்குக் குறி அது? கேளு."

கேட்டேன். ஆசாரிக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன்: கடலிலிருந்து வருகிறவன் கரையில் இரண்டு பொருளைப் பார்த்து வைத்துக்கொள்வான், முன்னது பின்னதன்மேல் ஏறி உட்கார்ந்தால் அவன் சரியான வழியில் இருக்கிறான். ஆசாரி யோசித்துவிட்டு, "அது அரசருக்கு" என்றார்.

"அவுரு எப்பக் கடலுக்குப் போனாரு?" என்றான் அண்ணன்.

ஆனியில் மண்டபம் எழுந்து நின்றது. ஒன்றே ஒன்று, சதுரம், மூன்று கூரை. துரை மஞ்சள் ஓடு கேட்டார். ஆசாரி மாட்டேன் என்றார். மஞ்சள் எங்கள் அரசருக்கு மட்டும். அரசர் இங்கே வரப்போவதில்லையே என்றார் துரை. நான் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது என்றார் ஆசாரி. ஆகவே பச்சை. உச்சியில் பொன்முலாம் பூசிய குமிழ் இருக்க வேண்டும். பொன்னுக்கு எங்கே போவது, பித்தளையில் வார்த்தார்கள். நாங்கள் அதைக் கலசம் என்றோம். மண்டபத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் மூணுகுடை. பெயர் வைத்தது அண்ணி என்று நினைக்கிறேன். "ஒரு மழைக்கு ஒரு குடை போறாதா? தொரைக்கு மூணா?" என்று தோட்டத்து வேலிக்கு வெளியே நின்று கேட்டாள். "கொழுந்தனாரே, இதுல ஒரு குடைய எங்க வூட்டுக்குக் கழட்டிக் குடு. பொத்துக்கினு ஊத்துது."

ஆடியில் ஊரே கூடி மண்ணை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்தோம். திறக்கிற வழி வருஷத்துக்கு ஒரு இடத்தில் அமையும். வழி மாறினால் குறியும் மாறும். அதற்கு முந்தைய குறியான ஒற்றைப்பனை வைகாசிக் காற்றில் விழுந்துவிட்டிருந்தது. புதுக் குறி பார்க்கிற வேலை எங்கள் ஊரில் அண்ணனுடையது. அவன் கண் அப்படி. மூன்று நாள் காலையில் கடலுக்குள் போய் வந்து போய் வந்து பார்த்தான். நாலாம் நாள் மணலில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னான்.

"மூணுகுடைக் கலசம் கோட்டைக் கொடிமரத்து மேல ஏறி உக்காந்தா நேரா வா. கலசம் தெக்கால எறங்கிச்சுன்னா நீ வடக்கால போறேன்னு அர்த்தம், திட்டுல ஏறிடுவே. காலைல வெயிலு கலசத்துல பட்டு அடிக்கும். குருடனுக்கும் தெரியும்."

ஆவணியில், தெற்குக் காற்று இருக்கும்போதே, அண்ணனும் மாமனும் இன்னும் இரண்டு பேரும் ஒரு படகில், பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னொரு படகில், வடக்கே தெலுங்குக் கரைக்கு மீன்பிடிக்கப் போனார்கள். வாடை எழுந்ததும் அதன் முதுகிலேயே ஏறி ஐப்பசிக் கடைசியில் திரும்புவது வழக்கம். நான் போகவில்லை. எனக்குத் தோட்டத்தில் வேலை இருந்தது. துரை மூணுகுடையில் உட்கார்ந்து கப்பல் பார்ப்பார், ஆசாரி தோட்டத்துக்கு வாசல் செய்துகொண்டிருந்தார், நான் நடுவில்.

புரட்டாசியில் துரை மாற்றலாகிப் போய்ப் புதுத் துரை வந்தார். இவருக்கு மலாய் தெரியாது, பறங்கிப் பேச்சுதான். வந்த இரண்டாம் நாளே பீரங்கிக்காரன் முறையிட்டான்: கொத்தளத்திலிருந்து முகத்துவாரத்தைக் குறி வைத்தால் நடுவில் இந்த மேடும் மண்டபமும் மறைக்கின்றன. புதுத் துரை மேட்டில் ஏறினார். தூணைச் சப்பாத்தால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இடித்துவிடுங்கள்" என்றார்.

ஆசாரியிடம் சொன்னேன். அவர், துரை சப்பாத்தால் தட்டிய இடத்தைத் தன் துண்டால் துடைத்தார்.

அதற்கு மேல் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. துரை கேட்கவில்லை, ஆசாரி கேட்கவில்லை. நானாகத்தான் பேசினேன். "இடிக்க வேண்டியதில்லை துரையே. இதில் ஆணி கிடையாது. கழற்றி வேறு இடத்தில் நிறுத்திவிடலாம். மூன்று நாள் வேலை." துரை புருவத்தைத் தூக்கி ஆசாரியைப் பார்த்தார். நான் மலாயில் சொன்னேன். ஆசாரி முகத்தில் வந்த வெளிச்சத்தை இப்போதும் பார்க்க முடிகிறது. துரை தோளைக் குலுக்கிவிட்டு, வடக்கே கையைக் காட்டிவிட்டு இறங்கிப்போனார். அறுபது தப்படி. அவ்வளவுதான்.

அன்று என் நாக்கின்மேல் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லி முடியாது.

மூன்று நாள் கழற்றினோம், சுமந்தோம், கோத்தோம். ஒவ்வொரு துண்டிலும் ஆசாரி தன் எழுத்தில் கரியால் அடையாளம் போட, பக்கத்தில் நான் தமிழ் எண் போட்டேன். மேட்டைத் தள்ளிச் சமமாக்கினார்கள். அதே மண்ணில் புது இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு திண்டு. மூன்றாம் நாள் மாலை கலசம் ஏறியது. நான் விலகி நின்று பார்த்தேன். முன்பு இருந்தபடியே இருந்தது. கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அந்த மூன்று நாளும் கடல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பிறந்ததிலிருந்து கடலிலிருந்து கரையைப் பார்த்தவன், ஒரு வருஷத்துக்குள் அதை மறந்துவிட்டேன்.

ஐப்பசி நடுவில் ஒரு பகல், அண்ணி கூடையோடு தோட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டாள். எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் அந்த வேலியைத் தாண்டியதில்லை. கடலோரக் குப்பத்தில் மீன் வாங்கித் தோணியில் திரும்பும்போது முகத்துவாரத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

"இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

"இன்னா அண்ணி?"

"கலசம் கொடிமரத்து மேல இல்ல. எங்கியோ வடக்கால போய் நிக்குது." மூச்சு வாங்கியது. "அதுங்க ரெண்டையும் ஒண்ணா சேக்கணும்னா படகு நேரா வடக்குத் திட்டு மேல ஏறணும். உங்கண்ணன் எதப் பாத்து வருவான்? எங்க நைனா எதப் பாத்து வருவாரு?"

அவள் கூடையில் வாய் திறந்து கிடந்த மடவை மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேசுடா. எல்லா பாஷையும் பேசுவியே."

வாடை தொடங்கிவிட்டது. அதை எதிர்த்து வடக்கே எந்தப் படகும் ஏறாது. கரையோடு நடந்துபோய்ச் சொல்லலாம் என்றால், அவர்கள் எந்த மணலில் படகை ஏற்றியிருப்பார்கள் என்று தெரியாது. நான் ஒரு வழியாகப் போக, அவர்கள் கடல்வழியாக என்னைத் தாண்டிவிடுவார்கள். ஆசாரியிடம் சொன்னேன். அவருக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நேர்கோடு அவருக்குத் தெரிந்த விஷயம். ஏணி வைத்து ஏறி, தான் வைத்த கலசத்தைத் தானே கழற்றினார். பழைய இடத்தில் இரண்டு பாய்மரங்களை ஒன்றன்மேல் ஒன்று கட்டி நட்டு, உச்சியில் கலசத்தைச் செருகினோம். ஒல்லியான கம்பம் என்பதால் பீரங்கிக்காரன் ஒன்றும் சொல்லவில்லை.

தினமும் விடிந்ததும் ஏணியில் ஏறிக் கலசத்தைப் புளி போட்டுத் தேய்ப்பேன். வெயில் வந்தால் தெரியும். குருடனுக்கும் தெரியும் என்று அவன்தானே சொன்னான்.

ஐப்பசி முடிந்தது. கடைசி ஆறு நாள் சூரியனே இல்லை. கார்த்திகை பிறந்த இரண்டாம் நாள் காலை, தூறலும் மூட்டமும். நான் ஏணியில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தபோது முகத்துவாரத்தின் பக்கம் கத்தல் கேட்டது. ஒரு குரல், பிறகு பல. நான் தேய்ப்பதை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். பாதி தேய்த்திருந்தேன், மீதியையும் தேய்த்தேன், துணியை மடித்து இடுப்பில் செருகினேன், இறங்கினேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடலிலிருந்து பார்த்தவர்களுக்கு மூட்டத்தில் கம்பம் தெரியவில்லை. கலசமும் தெரியவில்லை. பருத்த கொடிமரம் கொடியோடு தெரிந்தது, அதற்கு முன்னால் மூணுகுடையின் கறுத்த மூன்று கூரைகள் தெரிந்தன. அண்ணன் ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றினான். துளியும் பிசகவில்லை. பிசகியிருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம். நேராக வந்து வடக்குத் திட்டில் ஏறியது படகு. அடுத்த அலை அதைத் தூக்கிப் போட்டதில் தையல் முழுக்கப் பிரிந்தது. பின்னால் வந்த படகு பார்த்துவிட்டு விலகி நின்றது. அண்ணனும் இரண்டு பேரும் நீந்திக் கரையேறினார்கள். மாமனை மறுநாள் தெற்கே காட்டுப்பள்ளி மணலில் எடுத்தார்கள்.

எடுத்துக்கொண்டு வந்த வழி, குளிப்பாட்டியது, அண்ணி கத்தியது எல்லாம் நினைவில் இருக்கிறது. நான் எதுவும் உணர்ந்ததாக நினைவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். விரலில் புளி நெடி நாலைந்து நாள் இருந்தது.

கருமாதி முடிந்து தோட்டத்துக்குப் போனபோது ஆசாரி படகுத்துறையிலிருந்து ஒரு பழைய சங்கிலியைத் தோளில் சுமந்து வந்துகொண்டிருந்தார். மூணுகுடையின் கிழக்குத் தூணில் அதை மூன்று சுற்றுச் சுற்றினார். பூட்டு இல்லை; கடைசிக் கண்ணியை மரமுளை அடித்து நிறுத்தினார். புதுத் துரை போகிறபோக்கில் நின்று, இது என்ன என்று கேட்டார்.

"காற்றுக்காக, துரையே" என்றேன். "கூரை ஆடாமல் இருக்க."

துரை தலையசைத்துவிட்டுப் போனார். அவர் கேட்டது என்ன, நான் சொன்னது என்ன என்று ஆசாரி கேட்கவில்லை. சங்கிலியைப் பார்த்தபடியே வேறொன்று கேட்டார்.

"உன் அண்ணனிடம் சொல்லிவிட்டாயா?"

"இல்லை."

தை மாதக் கப்பலில் அவர் பத்தாவியாவுக்குப் போய்விட்டார். அந்தச் சங்கிலித் துருவின் வாசனையைத்தான் நேற்று அகழியில் முகர்ந்தேனோ என்னவோ. மூணுகுடை எப்போதோ போய்விட்டது. கரையானுக்கு ஆணி இல்லாததும் இருப்பதும் ஒன்றுதான்.

அண்ணன் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. பயம் என்று ஊரில் சொன்னார்கள். பயமில்லை. பின்னால் நின்றிருந்த படகை மறுநாளே கூட்டிவர அவன்தான் போனான். மாசியில் ஒரு தடவை கிளம்பிப் படகின் முனையில் உட்கார்ந்தவன், கரையைத் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டான். "கரைல நிக்கிறது எதயும் நம்ப முடியலடா" என்றான். "இப்ப பாத்தது மறுபடி பாக்கறதுக்குள்ள நவுந்துடுமோன்னு கீது." பங்குனியில் அண்ணியையும் கூட்டிக்கொண்டு ஏரியின் மேற்குப் பக்கம், ஆரம்பாக்கத்துக்குப் போய்விடுவதாக முடிவு செய்தான். அங்கே ஏரியில் வலை போடலாம், மற்ற நாளில் வயல் வேலை. எங்கு பார்த்தாலும் கரை தெரியும், குறி தேவையில்லை.

தோணிரேவில் வழியனுப்பப் போனேன். இரண்டு மூட்டை, ஒரு பானை, சுருட்டிய வலை. அண்ணி தோணியின் நடுவில் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வாய்க்கு என்ன ஆயிற்றோ, மாமன் போன பிறகு என்னோடு வேண்டிய அளவுக்குத்தான் பேசுவாள். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, தோணியின் அடி சேற்றைத் தொட ஆரம்பித்திருந்தது. அண்ணன் கழியை ஊன்றிக்கொண்டு நின்றான், கிளம்பவில்லை.

"அந்தச் சீனத்து ஆசாரி போய்ட்டாரா?"

"தையிலயே போய்ட்டாரு."

"நல்ல மனுசன். கருமாதி அன்னிக்கு வாசல்ல வந்து நின்னாரு. ஒரு வார்த்த பேச முடியல, நின்னாரு." கழியைப் பிடுங்கி மறுபடி ஊன்றினான். "ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கலடா. தொரைக்கு மறைக்கிதுன்னா இடிச்சிப் போட்டிருக்கலாமே. இடிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். குறி இல்லன்னு வெளியிலயே நங்கூரம் போட்டு நின்னிருப்பேன். மூட்டம் வெலகினப்புறம் வந்திருப்போம். அத ஏன் தூக்கி நவுத்தி வச்சாங்க?"

ஏரியில் அலையே இல்லை. தூரத்தில் பூநாரைகள் ஒரு கோடாக நின்றுகொண்டிருந்தன.

"இடிக்கத்தான் சொன்னாரு" என்றேன். "நான்தான், நவுத்தலாம்னு சொன்னேன்."

அண்ணி பானையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். நிமிரவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான். குறி பார்க்கிற அதே பார்வை. கண்ணைச் சுருக்கி, எனக்குப் பின்னால் இருக்கிற எதையோ என்னோடு சேர்த்துப் பார்ப்பதுபோல.

"உன்னக் கேட்டாங்களா?"

"கேக்கல."

பிறகு கழியின் மேல்முனையைத் தோளில் அழுத்திக்கொண்டு, தோணியின் பின்பக்கத்தைக் கண்ணால் காட்டினான்.

"சரி. தண்ணி வத்துது. தள்ளு."